மகோகனி கிட்டார் வாங்கும்முன் ஒலித்துளைக்குள் பாருங்கள்

தஞ்சாவூரில் வாத்தியம் பழுது பார்க்கும் பட்டறை என்றால் வீணை மட்டும்தான் வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வீணையும் வருகிறது. ஆனால் இன்று என் மேசையில் அதிகம் கிடப்பவை கிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டுப்புறப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், தெம்மாங்கையும் தாலாட்டையும் ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கும் இளைஞர்கள், மேடையில் பாடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் கிட்டாரோடு வருகிறது. இவர்களில் பலர் கேட்பது ஒரே பொருளைத்தான்: உடம்பு சின்னதாக இருக்க வேண்டும், மேல்பலகை உட்பட முழுக்க மகோகனியாக இருக்க வேண்டும். கேட்பது சரியான பொருள்தான். காசைக் கொடுத்துவிட்டு வாங்கி வருவது வேறொன்றாக இருப்பதைத் தொடர்ந்து பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

வழக்கமான கிட்டாருக்கு மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம். பலமாக அடிக்க அடிக்கச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். மகோகனி அதைவிடக் கனமான மரம். மேற்சுரங்கள் அடங்கி, மீட்டிய சுரம் மட்டும் துலக்கமாகக் கேட்கும், சீக்கிரம் ஓய்ந்தும் விடும். பாடுகிறவருக்கு இதுதான் வசதி. தாலாட்டில் 'ஆராரோ' என்று குரல் நீளும்போது கம்பியின் கார்வை அதன்மேல் வந்து படியாது. பெரிய கூட்டத்தில் மைக் இல்லாமல் வாரி அடித்து வாசிக்க நினைப்பவருக்கு மகோகனி ஏமாற்றம் தரும். ஓர் எல்லைக்கு மேல் அடித்தால் சத்தம் ஏறாது, கலங்கும்.

இந்த வகை ஆடம்பரப் பொருளாகப் பிறந்ததில்லை. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1922-ல் 2-17 என்ற சிறிய கிட்டாரை முழுக்க மகோகனியில், எஃகுக் கம்பிக்கென்றே செய்து விற்றது. 1940-ல் வந்த அவர்களது 15 வரிசையும் அப்படியே. இரண்டுமே அலங்காரம் குறைத்து, விலை குறைத்து விற்ற சரக்கு. இன்று அதே 15 வரிசை நம் ஊர்ப் பணத்தில் லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பது வேறு கதை.

அளவைப் பற்றிக் கொஞ்சம். மார்ட்டின் வைத்த 0, 00, 000 என்ற எண்களையே மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய பின்பற்றுகின்றன. அடிவயிற்றின் அகலம் 0-க்கு 13½ அங்குலம், 00-க்கு 14 அங்குலத்துக்குச் சற்று மேல், 000-க்கு 15 அங்குலம். கடைகளில் தொங்கும் பெரும்பாலான கிட்டார்கள் டிரெட்நாட் வடிவம், அது 15½ அங்குலத்துக்கும் மேல். அகலத்தைவிடப் பெரிய வித்தியாசம் இடுப்பிலும் ஆழத்திலும் இருக்கிறது. டிரெட்நாட்டுக்கு இடுப்பே இல்லை என்று சொல்லலாம், ஆழமோ கிட்டத்தட்ட 5 அங்குலம்.

மன்னார்குடிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை டிரெட்நாட் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, இதில் ஏதோ கோளாறு, அரை மணி நேரம் வாசித்தால் பாட்டே வரமாட்டேன் என்கிறது" என்றார். வாசித்துக் காட்டச் சொன்னேன். பட்டறைப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வலது தோள் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது, விலா மடங்கியது, மூச்சு பாதிதான் இறங்கியது. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. பழுதுக்கு வந்திருந்த ஒரு 00-ஐ மடியில் வைத்தவுடன் தோள் இறங்கிவிட்டது. நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். கடையில் உயரமான ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பார்கள், அதில் எந்தக் கிட்டாரும் சுகமாகத்தான் இருக்கும். ஒரு செய்தித்தாளை விரித்தாவது தரையில் உட்கார்ந்து பாருங்கள். வாசிப்பதோடு நிறுத்தாமல் ஒரு முழுப் பாட்டைப் பாடியும் பாருங்கள். கூச்சமாக இருந்தால் கூட வந்தவரைப் பாடச் சொல்லுங்கள். கழுத்து உடம்போடு 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கு ஃபிரெட் என்று பெயர்) சேரும் வகை கிடைத்தால் அதையும் மடியில் வைத்துப் பார்க்க வேண்டும், இடது கை அவ்வளவு தூரம் நீள வேண்டியதில்லை.

இனி மரம். பெட்டியில் 'மகோகனி' என்று அச்சடித்திருப்பதால் ஒன்றும் உறுதியாகிவிடாது. 'சாலிட் மகோகனி டாப்' என்று இருந்தால் மேல்பலகை ஒரே மரத்துண்டிலிருந்து அறுத்தது. வெறும் 'மகோகனி டாப்' என்றால் அநேகமாக மூன்று அடுக்கு ஒட்டுப்பலகை. 'மகோகனி ஃபினிஷ்' என்றால் நிறம் மட்டும்தான் மகோகனி, உள்ளே எந்த மரமும் இருக்கலாம். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, செல்போன் விளக்கு போதும். ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பில் மடங்கி, பலகையின் தடிமன் வழியாகக் கீழ்வரை தொடர்ந்தால் அது ஒற்றைப் பலகை. குறுக்கே ஒரு மெல்லிய அடுக்கு வேறு நிறத்தில் ஓடினால் ஒட்டுப்பலகை. சில கம்பெனிகள் விளிம்பில் கறுப்புச் சாயம் பூசியோ பிளாஸ்டிக் வளையம் ஒட்டியோ மறைத்துவிடும். அப்போது பின்பலகைக்குப் போங்கள். வெளியே ஏதாவது ஒரு முடிச்சு, ஒரு வரி, நிறம் மாறும் இடம் என்று ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதே அடையாளம் அதே இடத்தில் உள்ளேயும் தெரிகிறதா என்று துளை வழியாகப் பாருங்கள். தெரியாவிட்டால் வெளியே இருப்பது மேல்தோல்தான்.

சபேலி என்ற ஆப்பிரிக்க மரத்தை மகோகனி வரிசையில் சேர்த்து விற்பதும் உண்டு. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் பெரிய இலை மகோகனி, அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2003 முதல் இருக்கிறது. அதனால் பெரிய கம்பெனிகளே சபேலிக்கு மாறின. தொனியிலும் இரண்டும் பங்காளிகள். சபேலி என்று வெளிப்படையாக எழுதி, ஒற்றைப் பலகையாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். சாயம் பூசிய பிளைவுட்டுக்கு மகோகனி விலை கேட்பதுதான் ஏமாற்று.

இடையில் ஒன்று. டெல்டாவில் இப்போது வரப்போரத்திலும் தென்னைக்கு நடுவிலும் மகோகனி நட்டிருப்பவர்கள் உண்டு. "எங்கள் கொல்லையில் விழுந்த மரம், இதில் ஒரு கிட்டார் செய்ய முடியுமா?" என்று பலகையோடு வருகிறார்கள். ஆசையைக் கெடுக்க மனம் வராது. ஆனால் வயது குறைந்த மரத்தில் வெளிர்நிற வெள்ளைக் கட்டைதான் அதிகம், வண்டு விரும்பித் துளைப்பதும் அதைத்தான். நடுவிலிருக்கும் நெஞ்சுக் கட்டை போதிய அகலத்துக்கு இருந்து, ஆரவாட்டில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அறுத்து, நிழலில் பல ஆண்டு உலர்த்தினால் பேசலாம். நரசிங்கம்பேட்டையில் நாகசுரத்துக்குப் பழைய வீடுகளில் கிடந்த ஆச்சா மரத்தைத் தேடுவதன் காரணமும் இதுதான்.

நான் அதிகம் சண்டை போடுவது ஈரத்தோடுதான். கிட்டார் பராமரிப்பைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறை வறண்டு, பலகை வெடிக்கும். அதனால் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள் என்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கார்த்திகை மாதத்தில் ஈரப் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிட்டார் பொதுவாக 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் நிம்மதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மேல்பலகை வயிறு வைக்கும், கம்பி உயரும், ஓசை மந்தமாகும்.

வேதாரண்யத்திலிருந்து அப்படி ஒன்று வந்தது. ஒற்றைப் பலகை, நல்ல வேலைப்பாடு. மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் எஃகு ரூல்தடியைக் குறுக்காக வைத்தால் நடுவில் முட்டி இரண்டு பக்கமும் ஆடியது. 12-ஆவது ஃபிரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. பிரிட்ஜின்மேல் கம்பி உட்காரும் சாடில் எலும்பைத் தேய்த்து இறக்கிக் கொடுங்கள் என்று உரிமையாளர் கேட்டார். நான் தேய்க்கவில்லை. கம்பியைத் தளர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியில் போட்டு மூடி, சில வாரம் விட்டேன். பலகை தானாக இறங்கியது, அதோடு கம்பியும் இறங்கியது. மழைக்காலத்தில் சாடிலைத் தேய்த்திருந்தால் பங்குனியில் எல்லாக் கம்பியும் ஃபிரெட்டில் அடித்து இரைந்திருக்கும், புது சாடில் போட வேண்டியிருக்கும். ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்தான். பெட்டிக்குள் ஒன்றைப் போட்டு வைத்தால் என்னிடம் வரும் செலவில் பாதி மிச்சம்.

ஆகவே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, முழுக்க ஒற்றைப் பலகையில் செய்ததை நான் பரிந்துரைப்பதில்லை. மேல்பலகை மட்டும் ஒற்றை மகோகனி, பின்னும் பக்கமும் ஒட்டுப்பலகை என்றால் அந்தக் காற்றைத் தாங்கும். டெய்லர் கம்பெனியின் ஜிஎஸ் மினி மகோகனி அப்படிப்பட்டது: மேலே ஒற்றை மகோகனி, மற்றது அடுக்குச் சபேலி. தஞ்சை, கும்பகோணம் என்று உள்ளே தள்ளியிருப்பவர்கள், பெட்டியில் வைத்துப் பூட்டும் பழக்கம் இருந்தால், முழு ஒற்றைப் பலகைக்குப் போகலாம். சுவரில் மாட்டி வைப்பவர்கள் வேண்டாம்.

வெயிலும் விடாது. கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காரிலும் தகரக் கொட்டகையிலும் பசை இளகிவிடும். வீணைக்காரர்களுக்கு இது தெரியும், மெழுகு மேளத்தில் பதித்த மெட்டு (வீணையின் ஃபிரெட்) வெயிலில் நகர்ந்தால் உடனே கண்ணில் படும். கிட்டாரில் பிரிட்ஜ் பின்னோரம் முடி அளவு தூக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு காகிதத் துண்டை அந்த ஓரத்தில் செருகிப் பாருங்கள், உள்ளே நுழைந்தால் உடனே கொண்டு வாருங்கள். பழைய கிட்டார் வாங்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீட் என்ற மருந்து சேர்ந்த கொசுக் களிம்பைப் பூசிய முழங்கையை நைட்ரோசெல்லுலோஸ் என்ற மெருகுப் பூச்சின்மேல் வைத்தால் பூச்சு கரைந்து பிசுபிசுக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், அல்லது ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

கழுத்தைப் பார்க்கத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14-ஆவது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். 7-ஆவது ஃபிரெட் அருகே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் கழுத்துக்குள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை முறுக்கிச் சரி செய்துவிடலாம், அதனால் கிட்டாரை ஒதுக்க வேண்டாம். 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாம் கம்பி 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பி 2 மில்லிமீட்டருக்குள் என்றால் விரல் நோகாது. பெட்டியிலிருந்து நேராக வரும் கிட்டார் அநேகமாக இதைவிட உயரமாகத்தான் இருக்கும். சாடில், நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு), கழுத்து மூன்றையும் ஒழுங்கு செய்யும் கூலியை முதலிலேயே பட்ஜெட்டில் எடுத்து வையுங்கள். ஒழுங்கு செய்யாத விலை உயர்ந்த கிட்டாரைவிட, ஒழுங்கு செய்த நடுத்தர விலைக் கிட்டார் கையில் நன்றாகப் பேசும்.

கம்பி விஷயம் நாட்டுப்புறப் பாட்டுக்கு முக்கியம். 0, 00 அளவுகளில் நட்டிலிருந்து சாடில்வரை கம்பியின் நீளம் பெரும்பாலும் 24.9 அங்குலம், டிரெட்நாட்டில் 25.4. அரை அங்குலக் குறைவுதான், ஆனால் இழுவிசை தளர்ந்து கொடுக்கும். முதல் கம்பி 11 (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு) என்ற செட்டைப் போட்டால் தெம்மாங்கின் வளைவுகளுக்குக் கம்பியைத் தள்ளி இழுப்பது சுலபம். ஆனால் ஆறாம் கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி, சட்ஜம் போல ஒலிக்கவிட்டு வாசிப்பவர்கள் உண்டு. அவர்கள் 11 போட்டால் அந்தக் கம்பி தொளதொளவென்று ஃபிரெட்டில் மோதும். இன்னும் தடித்த 12 செட்டுக்கே போக வேண்டும். கடலோரத்தில் பூச்சுப் பூசிய கம்பி கூடுதல் விலைக்குத் தகும், மற்றது சீக்கிரம் துருவேறிவிடும். வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பது கம்பியின் ஆயுளைக் கூட்டும்.

பறையும் தவிலும் உள்ள மேடையில் எந்தக் கிட்டாரும் தனியாக நிற்காது, இந்தச் சின்ன உடம்பு நிச்சயமாக நிற்காது. அதற்காகப் பக்கப் பலகையில் ஓட்டை போட்டு, தொனியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் பொருத்திய மாடலை வாங்காதீர்கள். அந்த மின்சாதனம் பழுதானால் அதே அளவில் மாற்று கிடைப்பது கஷ்டம், ஓட்டை மட்டும் மிஞ்சும். ஓட்டையில்லாத கிட்டாரை வாங்கிவிட்டு, மேடை வரும்போது கம்பியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்ப ஒலித்துளையில் செருகும் காந்தப் பிக்கப் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கழற்றிவிடலாம்.