கண்டல்: மாங்குரோவுக்கு நம் ஊர்ச் சொல்

குமரி மாவட்டத்து மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிற உப்பங்கழியோரம் கன்று நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போயிருந்தேன். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "மாங்குரோவ் நடுற இடம் எது பாட்டா?" என்று கேட்டேன். முழித்தார். "சதுப்புநிலத் தாவரம்" என்றேன். அதுவும் எடுபடவில்லை. விரல்களைக் கவிழ்த்துத் தரையில் ஊன்றி, வேர் இப்படி நிற்குமே என்று காட்டியதும்தான், "கண்டலா? அத மொதல்லயே சொல்லாண்டாமா மக்கா!" என்றார்.

பத்திரிகையிலும் பாடப்புத்தகத்திலும் நாம் தேடிக்கொண்டிருக்கிற சொல் அதுதான். கண்டல்.

‘மாங்குரோவ்’ ஆங்கிலத்துக்கும் இரவல்தான். போர்ச்சுகீசியத்தில் மாங்கே, ஸ்பானியத்தில் மாங்லே. அவர்களும் அதை அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மொழியிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ என்ற சொல்லின் சாயல் அதன் வாலில் ஒட்டிக்கொண்டது. மாங்காய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மாங்காய் நம் பக்கமிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது, இது எதிர்த்திசையிலிருந்து வந்தது.

கண்டலோ சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. நற்றிணையின் 207ஆம் பாட்டு ‘கண்டல் வேலிக் கழிசூழ் படப்பை’ என்றுதான் தொடங்குகிறது. கழி சூழ்ந்த தோட்டம், அதற்குக் கண்டலே வேலி. அடுத்த அடியில் முண்டகம் என்ற முள்ளிச்செடி வேய்ந்த குடிசை, அப்புறம் மீன் பிடிக்கிறவர்களின் பாக்கம். ஆக, இந்த மரம் பாட்டுக்குள் வரும்போதே மீனவர் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் வருகிறது. ஆள் நடமாட்டமில்லாத காடாக அல்ல, வேலியாக.

ஒரு சிக்கல் உண்டு. பழைய அகராதிகள் கண்டலுக்குத் தாழை என்றும் பொருள் சொல்கின்றன. இரண்டும் நீரோரத்தில் வளர்பவை, இரண்டும் தண்டிலிருந்து வேரை இறக்கிக் கால் ஊன்றுபவை. பாட்டில் வரும் கண்டலைத் தாழை என்று படிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பேச்சுவழக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. மலையாளத்தில் இன்றைக்கும் இந்த மரத்துக்குப் பெயர் கண்டல்தான். கண்ணூர்ப் பக்கம் கழியோரமெல்லாம் கண்டல் நட்டே பெயர் வாங்கிய கல்லேன் பொக்குடன் 2015இல் இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சொல்லைத்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரிக்கு அது வெளியூர்ச் சொல் ஆகுமா?

சரி, அலையாத்தி? முத்துப்பேட்டைக் காட்டைச் சொல்லிச் சொல்லிப் பரவிய பெயர் இது. அலையை ஆற்றுவது அலையாற்றி. ‘காப்பியை ஆத்திக் குடி’ என்கிறோமே, அந்த ஆத்தல்தான். ஆத்தி என்று சோழர் சூடிய பூமரம் ஒன்று உண்டு. அதை இங்கே இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி. 2004 சுனாமியில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலமே அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் அலையாத்தி என்ற சொல் என் காதில் அடிக்கடி விழ ஆரம்பித்தது. மரத்துக்குக் கண்டல், காட்டுக்கு அலையாத்தி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பிழைக்கும். ‘சதுப்புநிலக் காடு’ மட்டும் வேண்டாம். சென்னையின் பள்ளிக்கரணையும் சதுப்புநிலம்தான், அங்கே கண்டலுக்கு எங்கே போவது?

கண்டலின் விதை மரத்திலேயே முளைத்துவிடுகிறது. பச்சை முருங்கைக்காயை முறித்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அடிமுனை கூர், உச்சியில் மொட்டு. விழுந்தால் சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து வேறு கரைக்குப் போகும். அதன் பங்காளி வெண்கண்டல் வேறு ரகம்: மூச்சு வாங்கும் வேர்களைப் பென்சில் பென்சிலாகச் சேற்றுக்கு மேலே நீட்டும். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

நட்டால் பிழைக்கும் என்ற நினைப்பில்தான் ‘கண்டல் நடவு’ என்ற சொல் புழங்குகிறது. எனக்கு ‘கண்டல் மீட்பு’ என்பதே சரி. பிச்சாவரத்தில் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்த பழைய முறையால் தரை தாழ்ந்து, தேங்கிய உப்புநீர் வெயிலில் வற்றி, மண்ணே கரித்துப்போனது. அங்கே முதலில் வெட்டியது மீன்முள் வடிவ வாய்க்கால். ஓதநீர் ஏறி இறங்க வழி கிடைத்த பிறகுதான் கன்று. வனத்துறையோடும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஊர்க்காரர்களும் சேர்ந்தே அந்த வேலை நடந்தது. அதைச் ‘சமூகப் பங்கேற்பு’ என்று எழுதுகிறார்கள். ‘ஊர்க்கூட்டு’ என்றால் குறைந்தா போகும்? 2023-24 நடுவண் பட்ஜெட்டில் வந்த கண்டல் திட்டத்துக்கு மிஷ்டி என்று பெயர்; வங்காளியில் இனிப்பு. உப்புத்தண்ணீர் மரத்துக்கு!

மணக்குடியில் மீட்பு என்றால் பொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு கடலில் இறங்கும் வாய்தான் பொழி. பக்கத்தில் பொழிக்கரை என்று ஊரே இருக்கிறது. ஆற்றில் வரத்துக் குறைந்தால் கடல் மணலைத் தள்ளிப் பொழியை அடைத்துவிடும், கழிக்குள் நீர் வடியாமல் நிற்கும். அந்தப் பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு கன்று நட வந்தவர்களோடும் என்னோடும் நடந்து வந்தார். கயிறு கட்டிக் குழி குறித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "பொழி அடைஞ்சா இங்க இடுப்பளவு தண்ணி கெடக்கும். கன்னு அழுவிப் போவும். அந்தால மேட்டுல தள்ளி வையுங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள்.