சாடிக்குள் போன மண்

கிளிநொச்சிப் பக்கத்துச் செம்மண் காணியில் சீனியா விதையைச் சும்மா தூவிவிட்டாலே போதும், மழைக்கு முளைத்துப் பூத்துவிடும். அதே மண்ணை அள்ளிச் சாடியில் நிரப்பி, அதே விதையைப் போட்டு, சீமெந்து முற்றத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மாரியில் வேர் அழுகும். தப்பிய கன்று பங்குனியில் கல்லாக இறுகிய மண்ணுக்குள் காய்ந்து நிற்கும். வளர்ப்பவருக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். கைராசி பாவம். சாடிக்குள் போனதும் நீர் வடியும் விதமும் சூடு ஏறும் விதமும் மாறிவிடுகின்றன, அவ்வளவுதான்.

முதலில் நீர். நிலத்தில் விழும் மழையைக் கீழே உள்ள மண் தன் நுண்துளைகளால் இழுத்துக்கொண்டே இருக்கும். சாடியில் அப்படி இழுக்க ஆளில்லை. அடியில் ஒரு துளை, அதற்கு அப்பால் காற்று. மண் துணிக்கைகளின் இடுக்குகளில் நீரைப் பிடித்து வைக்கும் மயிர்த்துளை விசையும் நீரைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பும் சமமாகிற இடத்தில் வடிதல் நின்றுவிடும். அதனால் எந்தச் சாடியின் அடியிலும் தண்ணீர் நிறைந்த ஒரு படை மிஞ்சும். அந்தப் படை எவ்வளவு உயரம் என்பதை மண் துணிக்கைகளின் பருமன்தான் தீர்மானிக்கிறது. சாடியின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. நுண்ணிய மண்ணில் உயரம் கூட, பருமணலில் குறைவு. ஆழமில்லாத தட்டையான சாடியில் களிமண் கலந்த மண்ணைப் போட்டால், வேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சேறு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சாடிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, சொட்டுவது முழுதாக நிற்கும்வரை விடுங்கள். அப்புறம் சாடியைத் துளைப் பக்கம் தாழ இருக்கும்படி மெல்லச் சரியுங்கள். மறுபடி தண்ணீர் வரும். சரித்ததால் துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் கூடிவிட்டது. இவ்வளவு நேரம் தங்கியிருந்தது இப்போது பிடி விட்டு இறங்குகிறது.

நல்லாய் வடியட்டும் என்று அடியில் சல்லிக்கல் போடும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அது நேர்மாறான வேலையைச் செய்கிறது. நுண்துளையில் இருக்கும் நீர், பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் தெப்பமாக நனைந்த பிறகுதான் சொட்டும். ஆக, சேற்றுப் படை அப்படியே சல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது, கன்றுக்கு மிஞ்சும் மண்ணும் குறைகிறது. மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

சேறு ஏன் கெடுதல்? வேரும் சுவாசிக்கிறது. ஒட்சிசன் காற்றில் பரவும் வேகத்தோடு பார்த்தால், நீருக்குள் அது பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாக. கார்த்திகையில் நாள்கணக்காக மழை கொட்டும்போது சாடிக்குள் கன்று மூச்சுமுட்டித்தான் சாகிறது. அடியில் செங்கல் துண்டுகளை முட்டுக்கொடுத்துச் சாடியைச் சற்று உயர்த்தி வைத்தால், ஈரச் சீமெந்து துளையை அடைக்காது. சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் ஒன்றரைக் கிழமைக்குள் புது நுளம்பு பறக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

ஆகவே கலவை பருமனாக இருக்க வேண்டும். நெல் விளையும் வன்னியில் இதற்கு அலையத் தேவையில்லை. அரிசி ஆலையில் குவிந்து கிடக்கும் உமியைச் சாம்பலாக விடாமல் கரியாகும் அளவுக்கு மட்டும் எரித்தெடுத்தால், இலேசான, துளை நிறைந்த உமிக்கரி கிடைக்கும். அதோடு தும்புத்தூள், உக்கிய மாட்டெரு, செம்மண் கொஞ்சம். தும்புத்தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுக்காவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும்.

இனிச் சூடு. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் வன்னியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயில் சாடியின் வாயில்தான் விழுகிறது, அங்கே இலை நிழல் கொடுக்கும். வேரைச் சுடுவது பின்னேர வெயில். மூன்று மணிக்குக் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டால் கை சுடும். உள்ளே அந்தச் சுவரை ஒட்டித்தான் இளம் வேர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மண்ணின் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டினால் பல பூங்கன்றுகளின் வேர் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

மண்சாடி இதில் தப்பிக்கிறது. அதன் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 யூல் வெப்பம் வேண்டும். அதைச் சாடியிலிருந்துதான் எடுக்கிறது. முட்டித் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. விலை என்னவென்றால், தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டும். என்னைக் கேட்டால், சாடி எதனால் ஆனது என்பதைவிட அதன் பருமன் முக்கியம். 15 சென்றிமீற்றர் விட்டமும் உயரமும் உள்ள நேர் உருளைச் சாடியில் 2.7 லீற்றர் அளவு மண் பிடிக்கும். இரண்டு அளவையும் 30 ஆக்கினால் 21 லீற்றர். மண் எட்டு மடங்கு, வெயில் படும் சுவரோ நாலு மடங்குதான். சின்னச் சாடி பத்தை வரிசையாக வைப்பதை விட, பெரிய சாடி இரண்டில் நெருக்கி நடுவது கன்றுக்கும் நல்லது, தண்ணீர் சுமக்கும் ஆளுக்கும் நல்லது.

எந்தப் பூ? காசித்தும்பைக்குத் தண்டெல்லாம் நீர், இலையும் மெல்லியது. நண்பகலில் வேர் உறிஞ்சுவதைவிட இலை இழப்பது கூடும்போது, மண் ஈரமாக இருந்தாலும் அது தொங்கிவிடும். பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பொழுது சாய நிமிரும். விடியலிலும் வாடி நின்றால்தான் யோசிக்க வேண்டும். சோழகம் அடிக்கும் மாதங்களில் காற்று இலையை ஒட்டிய ஈரப்பதத்தை வழித்துக்கொண்டு போவதால் அதற்குச் சுவர் மறைப்பு கட்டாயம்.

வாடாமல்லி இன்னொரு சாதி. சோளம், கரும்பு போல அதுவும் நாற்காபன் வழியில், அதாவது காபனை முதலில் நான்கு காபன் அணுக்கள் கொண்ட சேர்வையாகப் பிடிக்கும் வழியில், ஒளித்தொகுப்புச் செய்கிறது. இலைவாயைக் குறைவாகத் திறந்தே போதிய காபனீரொட்சைட்டைப் பிடித்துவிடுவதால் நீர்ச்செலவு குறைவு. பூவென்று நாம் பார்க்கும் ஊதா உருண்டையும் பூவடியிலைகளின் அடுக்குத்தான். தடவினால் கடதாசி மாதிரிச் சரசரக்கும். வாடுவதற்கு அதில் ஈரம் எங்கே இருக்கிறது? பத்துமணிப்பூவும் நாற்காபன் தாவரமே. தண்ணீர் தட்டுப்பட்டால் இரவில் காபனீரொட்சைட்டைச் சேமித்துப் பகலில் பயன்படுத்தும் வித்தையும் அதற்குத் தெரியும். சுடு சீமெந்துக்கு அதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை.

விதைப் பைக்கற்றில் அச்சிட்டிருக்கும் மாதங்களை மறந்துவிடுங்கள். அவை பெரும்பாலும் பனி பொழியும் ஊர்களுக்கானவை. இங்கே மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவுதான்; காலத்தைத் தீர்மானிப்பது மழை. சீனியா, கொஸ்மோஸ், கோழிக்கொண்டை, வாடாமல்லி நான்குமே பகல் குறுகினால் விரைவாகப் பூக்கும் இயல்புள்ளவை. மழை ஓயும் மார்கழிக் கடைசியில் விதைப்பது அவற்றுக்கு ஏற்ற காலம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டு, பிறகு எப்படிக் குறை என்று கேட்கலாம். கேத்திலில் வெள்ளைப் படிவு பிடிக்கிற கிணற்றுத் தண்ணீரையே தினம் ஊற்ற, சாடிக்குள் காரத்தன்மை ஏறுகிறது. அந்த நிலையில் இரும்பு கரையாது, கரையாததை வேர் எடுக்காது. மழைநீர் சேமித்திருந்தால் இடையிடையே அதை நிறைய ஊற்றி, அடியால் வழிந்தோட விடுங்கள்.

ஓராண்டுப் பூங்கன்றின் நோக்கம் விதை. விதை முற்றத் தொடங்கியதும் உணவு அங்கே போகும், புது மொட்டுக் குறையும். வதங்கிய பூவை அடுத்த இலைக்கணு வரை கிள்ளினால் அது மறுபடி முயலும். பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் நுனியிலிருந்து வருவதும் கிள்ளும் இடத்தில் நின்றுபோவதால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கடைசிச் சில பூக்களை மட்டும் விட்டுவைத்து விதை எடுங்கள். காசித்தும்பைக் காயை வெடிக்கும் முன் கையால் பொத்திப் பறிக்க வேண்டும். பைக்கற்றில் எஃப்1 (இரு வகைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்த கன்றிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. அதற்குப் புதிதாக வாங்கத்தான் வேண்டும்.