பாய்லரைச் சோதிக்க ஏன் தண்ணீர்?

தஞ்சை, திருவாரூர் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை அவிப்பது உமி எரித்து ஓடும் பாய்லரின் நீராவி. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் ஓடும் பாய்லரைப் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, அதாவது 15 கிலோ வரை ஏற்றிச் சோதிப்பார்கள். நெருப்பு மூட்டாமல், பச்சைத் தண்ணீரை முட்ட நிரப்பித்தான்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையில் இதை நேரில் பார்த்தேன். ஃபிட்டர் கை பம்பை அடிக்க அடிக்க அழுத்தமானியின் முள் 12-ஐத் தாண்டியது. "மூடிக்கு நேரா நிக்காதீங்க" என்று அவர் சொல்லியும், சலவை வேட்டியில் வந்த முதலாளி குனிந்து எட்டிப் பார்த்தார். கீழ் மூடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. சர்ரென்று ஒரு பீச்சல். மூக்குக்கண்ணாடி உமிக் குவியலில் விழுந்தது, வேட்டியெல்லாம் துருத் தண்ணீர். களத்தில் நெல் தள்ளியவர்கள் "வெடிச்சிருச்சு" என்று வாய்க்கால் வரை ஓடினார்கள். அதற்குள் முள் பூஜ்ஜியத்தில் நின்றது.

"தண்ணியா இருக்கப்போயி வேட்டியோட போச்சு முதலாளி" என்றார் ஃபிட்டர். முதலாளியே சிரித்துவிட்டார்.

ஃபிட்டர் சொன்னது சரியான இயற்பியல். தண்ணீர் அமுங்குவதே இல்லை எனலாம். 1000 லிட்டரை 15 கிலோவுக்கு அழுத்தினாலும் சுமார் 0.7 லிட்டர்தான் சுருங்கும். அதில் சேரும் ஆற்றல், 50 கிலோ நெல் மூட்டை ஒன்றை ஒரு மீட்டர் தூக்கப் போதும், அவ்வளவே. கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலே அழுத்தம் விழுந்துவிடும். அதே 1000 லிட்டர் கொள்ளளவில் அதே அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால், அது விரியும்போது ஆயிரக்கணக்கான மூட்டைகளை அந்த உயரம் தூக்கும். கொதிக்கும் பாய்லர் இன்னும் கொடியது. அழுத்தம் விட்டதும் உள்ளிருக்கும் வெந்நீரில் ஒரு பங்கு சட்டென ஆவியாகும். வெளிக்காற்றழுத்தத்தில் நீராவிக்கு நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் வேண்டும். 1905-ல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை பாய்லர் வெடித்ததில் 58 பேர் இறந்தார்கள்.

இதனால்தான் நிரப்பும்போது உச்சியிலுள்ள காற்றுக் குழாயைத் திறந்தே வைக்கிறார்கள். குமிழி நின்று தண்ணீர் ஒரே தாரையாக வழிந்த பிறகே மூட வேண்டும். உள்ளே காற்று தங்கியிருந்தால் கை பம்பே காட்டிக்கொடுக்கும்: எத்தனை அடி அடித்தாலும் முள் சோம்பலாகவே ஏறும். அப்போது பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, காற்றை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். பட்டறைகளில் தொட்டியின் வெல்டிங் இணைப்பைச் சோதிக்க நேரே காற்று கம்ப்ரஸரை மாட்டுபவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: முதலில் தண்ணீரை நிரப்புங்கள்.