வீட்டு ஸ்டூடியோவுக்குக் கிராக் வேண்டாம். கட்டற்ற மென்பொருள் போதும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டு ஸ்டூடியோக்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். திருவிழாப் பாட்டு, தேவாலயப் பாடற்குழு, கானா, குறும்படப் பின்னணி என்று எல்லா வேலைக்காரர்களும் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கணினிகளில் பலவற்றில் யாரோ பென்டிரைவில் கொடுத்த கிராக் மென்பொருள், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி இருக்கிறது. “போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடு தம்பி” என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதன்பிறகு அதை யாரும் ஆன் பண்ணியிருக்க மாட்டார்கள்.

இதில் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. திருட்டு இசை பிளக்-இன்களுக்குள் (இசை மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) ஒளிந்துவந்து, நம் கணினியின் சக்தியைத் திருடிப் பின்னணியில் மோனேரோ என்ற மின்நாணயம் தோண்டும் லவுட்மைனர் என்ற நிரலை 2019இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இசை செய்பவர் கணினியில் நல்ல பிராசஸர் இருக்கும். ஃபேன் இரைந்தாலும் மிக்ஸிங் ஓடுகிறது என்று விட்டுவிடுவார். மறைந்துகொள்ள அதைவிட வசதியான இடம் எது? 2020இல் மேக் கணினிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட திஃப்குவெஸ்ட் என்ற தீநிரல், ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் திருட்டுப் பிரதி வழியாகவும் பரவியது. சட்டமும் இருக்கிறது: திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். காசு வாங்கிக்கொண்டு பாட்டு பதிவு செய்து தருபவர் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விலையில்லாமல் கிடைப்பதெல்லாம் நம் கையில் நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். 2018 முதல் சும்மா கிடைத்த கேக்வாக் என்ற பாட்டுப்பதிவு மென்பொருளுக்குப் பதிலாகக் கட்டணப் பதிப்பு வரப்போகிறது என்று 2023இல் அறிவித்தார்கள். மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளை அப்படி ஒருவர் நினைத்தவுடன் நம்மிடமிருந்து எடுத்துவிட முடியாது. அதனால்தான் ஆர்டர் (Ardour) என்ற கட்டற்ற பாட்டுப்பதிவு மென்பொருளுக்கு என் ஓட்டு.

ஆர்டரில் பலர் ஒரு இடத்தில் ஏமாந்து திரும்புகிறார்கள். அதன் இணையதளத்தில் ஆயத்தப் பதிப்புக்குப் பணம் கேட்பார்கள். அங்கே கிடைக்கும் இலவச மாதிரிப் பதிப்பு பத்து நிமிடத்தில் மௌனமாகிவிடும். “கெட்டுப்போச்சுண்ணே” என்று என்னைக் கூப்பிடுவார்கள். விண்டோஸுக்குப் பதிலான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ்; அதன் வகைகளான உபுண்டு, டெபியன், ஃபெடோராவின் மென்பொருள் களஞ்சியங்களிலிருந்து நிறுவினால் முழு ஆர்டரும் செலவின்றி வரும். தாளத்துக்கு ஹைட்ரஜன், ஸ்வரக்குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர், சின்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி என்று மற்ற வேலைகளுக்கும் கட்டற்ற மென்பொருள் உண்டு. பறைக்கும் தவிலுக்கும் ரெடிமேட் ஒலி தேடி அலைய வேண்டாம். ஊரில் வாசிப்பவரை உட்கார வைத்து ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து ஹைட்ரஜனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாங்கிய ஒலித்தொகுப்பு எதிலும் அந்த மண்வாசம் வராது.

லினக்ஸை நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே, இசை வேலைக்கென்று அமைத்த லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டூடியோவை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமல் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பேசுகிறதா என்று தெரிந்துவிடும். டிரைவர் கேட்காத, யூஎஸ்பி பொதுத் தரத்தில் இயங்கும் இன்டர்ஃபேஸ் என்றால் செருகியதும் வேலை செய்யும். புதிதாக வாங்குபவர்கள் கடையில் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்தது, பெரும்பாலோர் மனம் விட்டுப்போகும் இடம்: “பாடினா ஹெட்போன்ல லேட்டா கேக்குது.” மென்பொருளைத் திட்டாதீர்கள், பஃபரைப் பாருங்கள். கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பதே பஃபர். நொடிக்கு 48000 சாம்பிள் (ஒலித்துணுக்கு) என்ற 48000 ஹெர்ட்ஸில், பஃபரை 1024 சாம்பிள் என்று வைத்தால் ஒரு பஃபருக்கே 21 மில்லி நொடி. குரல் உள்ளே போய் வெளியே வருவதற்குள் அது இன்னும் கூடும். பாடுபவர் தாளம் தவறுவார். 128 என்று இறக்கினால் பஃபருக்கு 2.7 மில்லி நொடிதான். ரொம்ப இறக்கினால் ஒலி பட்பட்டென்று வெடிக்கும். அப்போது பஃபரை ஏற்றுவதற்கு முன் வைஃபையை நிறுத்துங்கள், மின்சிக்கன அமைப்பை எடுத்துவிடுங்கள், உங்கள் பயனர் கணக்கு லினக்ஸின் ‘audio’ என்ற அனுமதிக் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழு விட்டுப்போனதால் இசைக்கு முன்னுரிமை கிடைக்காமல் திணறும் கணினிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாட்டு பதியும்போது 128, மிக்ஸிங்கில் 1024 என்று மாற்றிக்கொள்வதே நல்ல வழக்கம். முன்பு லினக்ஸில் மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்த ஜாக் (JACK) என்ற நிரலைத் தனியாகக் கட்டிப் போராடினோம். இப்போது அதே வேலையைச் செய்யும் பைப்வயர் அந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்துவிட்டது.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். விண்டோஸ் பிளக்-இன்கள் பலவற்றை யாப்ரிட்ஜ் என்ற இணைப்பு நிரல் வழியாக லினக்ஸில் ஓட்டலாம். கடுமையான உரிமப் பூட்டு போட்டவை அடம்பிடிக்கும். சென்னை ஸ்டூடியோ, அங்கே ஓடும் புரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளின் கோப்பு கேட்டால், ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து அனுப்புங்கள். எந்த ஸ்டூடியோவும் அதைத் திறந்துகொள்ளும். ஒப்புக்கொண்ட வேலை பாதியில் இருக்கும்போது மட்டும் கணினியை மாற்றாதீர்கள். பழையதை அப்படியே வைத்து, பக்கத்தில் லினக்ஸை நிறுவி, ஒரு சின்னப் பாட்டை முழுசாக முடித்துப் பாருங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்தில் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. போகும்போது லேப்டாப்போடு இன்டர்ஃபேஸையும் அதன் கேபிளையும் கொண்டுபோங்கள். அவை இல்லாமல் யாராலும் சோதித்துச் சொல்ல முடியாது.