சமுதாய வானொலி: கரையோரத்து ஊர் ஒன்று அனுமதி வாங்குவது எப்படி?

சொந்தமாக ஒரு வானொலி நிலையம் நடத்த உங்கள் ஊர்ச் சங்கம் மத்திய அரசிடம் அனுமதி கேட்கலாம். லாப நோக்கம் இல்லாத, முறையாகப் பதிவு செய்த, குறைந்தது மூன்று ஆண்டு ஊருக்காக வேலை செய்ததற்குச் சான்று உள்ள அமைப்பாக இருக்க வேண்டும். இதற்குச் சமுதாய வானொலி என்று பெயர். தேவிபட்டினம் தொடங்கி ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வானொலி என்றாலே அது அரசாங்கத்துக்கும் சினிமாப் பாட்டுக் கம்பெனிகளுக்கும் உரியது என்ற எண்ணம்தான் இன்னும் போகவில்லை.

அந்த எண்ணத்தை முதலில் உடைத்தது உச்ச நீதிமன்றம். வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் அது தீர்ப்பளித்தது. 2002-இல் வந்த கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்எம் 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது அப்படித்தான். தொண்டு அமைப்புகளுக்கும் வழி பிறந்தது 2006-இல். நம் பக்கத்துக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 நிலையம் 2016 ஆகஸ்ட் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியது.

ஊராட்சி தோறும் கண்ணாடி இழை இணையம் கொண்டுவரும் பாரத்நெட் திட்டம் இருக்கும்போது இந்தக் காலத்தில் வானொலி எதற்கு என்று கேட்கலாம். இணையம் வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கேபிள் கரையோடு நின்றுவிடும். தனுஷ்கோடியில் நின்றால் நம் கைப்பேசியில் இலங்கை நிறுவனத்தின் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து விழுகிறது, நம் ஊர் சிக்னலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், இருப்பவருக்கு யார் செய்தி சொல்வது?

விதியில் இருக்கும் அளவுகளைப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரியும். சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் அலைவீச்சுத் திறன்தான் அனுமதி. கோபுரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதை வைத்துக்கொண்டு சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். நகரத்துக்கு இது சின்ன வட்டம். நமக்கு வேறு கணக்கு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய சில கடல் மைல் தூரம் நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு அதைத் தாண்டித்தான் வலை இழுக்க வேண்டும். ஆகவே வடகடலானாலும் (பாக் நீரிணை) தென்கடலானாலும் (மன்னார் வளைகுடா) கரையோரமாகத் தொழில் செய்யும் வல்லக்காரர்களும், கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களும் இந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு இது எட்டாது. அவர்களுக்கென்று செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் சிறு செய்தி அனுப்பும் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் தனியாக இருக்கிறது.

கேட்பதற்கு டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். கைப்பேசியில் எப்எம் வசதி இருந்து, கம்பி இயர்போன் செருகினால் போதும். அந்தக் கம்பிதான் ஏரியல். சில கைப்பேசிகளில் எப்எம் சில்லு உள்ளே இருந்தும் அதை முடக்கி விற்கிறார்கள். அப்படி முடக்காதீர்கள் என்று மத்திய மின்னணு அமைச்சகம் 2023 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. ஆகவே புதுக் கைப்பேசி வாங்கும்போது கடையிலேயே எப்எம் பாடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, என்ன பேசலாம்? இங்கேதான் பலருக்கும் தயக்கம். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, அரசியல் நிகழ்ச்சிகளும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அல்லது வட்டார வழக்கில் திரிக்காமல் மொழிபெயர்த்துச் சொல்லலாம். அவ்வளவுதான். ஆனால் எது செய்தி இல்லை என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. வானிலை, இயற்கைப் பேரிடர் எச்சரிக்கை, உள்ளூர் நிர்வாகத்தின் மின்சார, குடிநீர் அறிவிப்பு, சுகாதார எச்சரிக்கை, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, விளையாட்டு எல்லாமே பேசத் தடையில்லாதவை.

அப்படியானால் பாம்பனில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயரம், காற்று வேகம், மீன் கூடும் இடம் பற்றிய கணிப்பை எடுத்து, வாடைக்காற்று, கச்சான் காற்று என்று நம்மவர் புரிந்துகொள்ளும் பேச்சில் சொல்லலாம். அந்த மையத்தின் தகவல் இணையத்தில் தமிழிலும் கிடைக்கிறது, என்றாலும் அட்சரேகை, தீர்க்கரேகையை எண்களாகப் படித்துப் புரிந்துகொள்ள எல்லோராலும் முடிவதில்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு என்ன தாள் வேண்டும் என்றும் விளக்கலாம்.

இந்த விதி நிஜமாகவே இடிப்பது ஓரிடத்தில். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கரையில் பேச்சு எழும் இரவில், யார் படகு, எத்தனை பேர் என்பதுதான் ஊருக்குத் தெரிய வேண்டும். அதை நிலையம் தானாக அறிவிக்க முடியாது. அகில இந்திய வானொலி சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், எல்லையோரக் கரைகளுக்காவது இதில் ஒரு தளர்வு வேண்டும். இப்போதைக்கு விதி விதிதான். மீறினால் அனுமதிக்கே ஆபத்து.

மற்ற நிபந்தனைகளில் கடினமானது எதுவும் இல்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்திய விதிகளின்படி, நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அனுமதிக் காலமும் அதே திருத்தத்தில்தான் பத்து ஆண்டுகளாக உயர்ந்தது.

விண்ணப்பத்தை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில் போட வேண்டும். தனி நபர், லாபத்துக்கு நடத்தும் நிறுவனம், அரசியல் கட்சி, அதன் மகளிர் அணி, அதன் தொழிற்சங்கம் ஆகியவை விண்ணப்பிக்க முடியாது. கட்சி சார்ந்த மீனவர் அணிகள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்று, அமைப்பு விதிகள், தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். தொண்டு அமைப்பு என்றால் உள்துறை, பாதுகாப்புத் துறை ஒப்புதலும், அலைவரிசை ஒதுக்கீடும் வேண்டும். எதிர்க்கரையான இலங்கை பக்கத்திலேயே உள்ள எல்லையோர மாவட்டம் இது. இரண்டொரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இவை தேறினால் முதலில் ஒப்புதல் கடிதம் வரும். அதன் ஆயுள் ஓராண்டு, அதற்குள் நிலையத்தை எழுப்பிவிட வேண்டும்.

அப்புறம் பணம். கருவிகள் வாங்க அமைச்சகம் மானியம் தருகிறது. 2017-இல் அந்தப் பங்கை 75 விழுக்காடாக உயர்த்தினார்கள், அப்போதைய உச்சவரம்பு ஏழரை லட்சம் ரூபாய். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதச் செலவுக்கு மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய். தாளில் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 5,328 ரூபாய் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அத்தனை விளம்பரம் யார் கொடுக்கப் போகிறார்கள்? மின்கட்டணமும் இரண்டு மூன்று பேர் சம்பளமும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கோபுரத்தின் பராமரிப்பும்தான் மாதா மாதம் நிற்கும் செலவு. மானியத்தைப் பற்றி விசாரிக்கும் முன் அந்த மூன்றையும் யார் கொடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள்.