அதிர்வெண்வழி வருடல்

ஸ்கேன் என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ரேடாரில் வேலை செய்பவர்களுக்கோ அது அலைக்கற்றையால் வானத்தைத் துழாவுவது. கற்றையைத் திருப்ப ஆன்டெனாவைச் சுழற்றித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அனுப்பும் அலையின் அதிர்வெண்ணைச் சற்று மாற்றினால், ஆன்டெனா அசையாமலே கற்றை சாயும். ஆங்கிலத்தில் இதை ஃப்ரீக்குவன்சி ஸ்கேனிங் என்கிறார்கள். தமிழில் ‘அதிர்வெண்வழி வருடல்’ எனலாம்.

எப்படிச் சாய்கிறது? பாம்புபோல் வளைந்து வளைந்து மேலேறும் ஓர் உலோகக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அலை வெளியேற ஒரு வாய். ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குக் குழாய்வழித் தூரம் சரியாக 10 அலைநீளம் என்றால், எல்லா வாயிலும் அலையின் முகடு ஒரே நேரத்தில் எட்டிப்பார்க்கும். கற்றை நேராகப் போகும். சரி, அதிர்வெண்ணை 1 சதவீதம் கூட்டுங்கள். அதே தூரத்தில் இப்போது ஏறத்தாழ 10.1 அலைநீளம் அடங்கும். ஒவ்வொரு வாயும் தனக்குக் கீழுள்ளதைவிட அலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு முழு அலையை 360 பாகை என்று கொண்டால் 36 பாகை, பிந்திவிடும். குழாயின் மடிப்பால் வாய்கள் நேர் உயரத்தில் அரை அலைநீள இடைவெளியில் இருந்தால் கற்றை சுமார் 11 பாகை மேல்நோக்கிச் சாயும். குழாயை அத்தனை நீளமாக மடித்து வைப்பதன் சூட்சுமமே இதுதான். அமெரிக்கக் கடற்படையின் எஸ்பிஎஸ்-48 ரேடார் திசையறியச் சுழலும். உயரமறிய அதிர்வெண்ணை மாற்றும்.

இனி சொல்லுக்கு வருவோம். ஸ்கேனுக்கு மூலம், ‘ஏறு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ஆங்கிலத்தில் முதலில் செய்யுளின் சீர்களைப் பிரித்துப் பார்ப்பதைக் குறித்தது. கூர்ந்து ஆராய்வது, வரிசையாகத் துழாவுவது எல்லாம் பின்னால் வந்தவை. அந்த முதல் பொருளுக்கு நம் யாப்பில் ‘அலகிடுதல்’ என்ற அருமையான சொல் காலங்காலமாக இருக்கிறது. ஆனால் ரேடாருக்கு அது ஒட்டாது. கன்றின் கழுத்தைத் தடவும் கை விலகாமல் தொட்டுக்கொண்டே நகர்கிறதே, அந்த ‘வருடு’தான் இங்கே பொருந்துகிறது. ஸ்கேனரை ஏற்கெனவே வருடி என்றுதான் எழுதுகிறோம்.

‘அதிர்வெண் வருடல்’ என்று சுருக்கினால் என்ன? வானொலிப்பெட்டி நிலையங்களைத் தேடி ஒவ்வோர் அதிர்வெண்ணாகத் தாண்டிப் போகிறதே, அந்த வேலைக்குத்தான் அது பெயராகும். அங்கே வருடப்படுவதே அதிர்வெண். ரேடாரில் வருடப்படுவது வானம். அதிர்வெண் அதற்குக் கருவி. அதனால் ‘வழி’யை விடக்கூடாது என்பேன். இலங்கையில் ஃப்ரீக்குவன்சிக்கு மீடிறன் என்று பெயர். அங்கே ‘மீடிறன்வழி வருடல்’ என்று எழுதலாம்.