கருவாடும் கிடாயும்: தடைக்காலத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தொண்டியில் இருந்து ராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை ராமநாதபுரம் கடற்கரை முழுக்க அந்த நாள்களில் கைக்காசு வற்றிவிடும். அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அது 5,000-இல் இருந்து உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அது பத்தாது. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு மூட்டை கட்டிப் போவதும், கொல்லையில் நிற்கும் ஆடு கேட்ட விலைக்குப் போவதும் அப்போதுதான். ஏழைக் குடும்பத்துக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் காத்திருக்க முடியாமல், எடை போடாமல், அவசரத்தில் விற்கும் இடத்தில். அந்த இடத்தைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டாம். மூன்று மாதம் முன்கூட்டி யோசித்தால் போதும்.

முதலில் கருவாடு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மறுநாள் கரையில் மீன் குவியும், பொடிமீன் விலை சரியும். காயப்போடும் பெண்கள் சரக்கு எடுக்க வேண்டிய நாள் அதுதான். ஆனால் விலை குறைவு என்பதற்காக வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த கூடையை எடுக்கக் கூடாது. சாளை, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் சூடு ஏறினால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். பிறகு உப்புப் போட்டாலும், காயவைத்தாலும், குழம்பில் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலைவலிக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் ஊர் வெயிலுக்கான அளவு. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். உருகிய தண்ணீரில் ஊறும் மீன் ஐஸ் இருந்தும் கெடும்.

அடுத்தது உப்பு. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளமே இருக்கிறது, உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனாலும் கருவாடு கெடுவதற்கு உப்பே பாதிக் காரணம். அன்றைக்கு வாரிய புது உப்பில் மக்னீசியம் அதிகம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், கருவாட்டில் கசப்பும் ஏற்றும். குவித்து வைத்துக் கசப்பு நீர் வடிந்த பழைய உப்பை வாங்குவது நல்லது. மாவு மாதிரிப் பொடித்த உப்பை மட்டும் போட்டால் மீனின் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே உப்பு இறங்காது. வெளியே காய்ந்து, முள்ளோரத்தில் நாறும் கருவாடு இப்படித்தான் உருவாகிறது. கல்லுப்பும் பொடியுப்பும் கலந்து போட வேண்டும்.

கட்டா, சீலா, பாரை மாதிரி பெரிய மீனை முதுகில் கீறி விரித்து, குடல், செவுள், முள்ளோடு ஒட்டிய ரத்தக்கோடு எல்லாம் எடுத்து, குடிக்கத் தகுந்த தண்ணீரில் அலச வேண்டும். மூன்றரை, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு உப்பு, அதன் மேல் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி மீன், மறுபடி உப்பு என்று அடுக்கி, மேலே பலகை வைத்துக் கல் ஏற்ற வேண்டும். ஊறும் நேரம் 24 முதல் 48 மணி. மீன் விட்ட உப்புநீரை அடுத்த ஈட்டுக்கு ஊற்றி மிச்சம் பிடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அந்த நீரில் ரத்தமும், உப்பிலேயே வாழும் பாக்டீரியாவும் இருக்கும். மூன்று வாரத்தில் மூட்டைக்குள் கருவாடு ரோஸ் நிறமாகப் பிசுபிசுத்து நிற்பது அதனால்தான். ஒருமுறை அப்படி ஆன தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே மறுபடி எடுக்க வேண்டும்.

நெத்திலிக்கு இவ்வளவு வேலை இல்லை. அலசி, உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பரப்பினால் போதும். எங்கே பரப்புகிறோம் என்பதில்தான் காசு. மணலில் போட்டால் வியாபாரி மண் கழிவு என்று எடையில் பிடிப்பார், பிடிக்க அவருக்கு நியாயமும் உண்டு. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்புயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டிய பரணில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் கீழிருந்தும் காற்று படும், நாயும் கோழியும் எட்டாது. அந்தி சாயும்போது அள்ளி மூடிவிட வேண்டும். ராத்திரிப் பனி இறங்கிய நெத்திலி மறுநாள் மஞ்சளாகும். ஈ மொய்க்கிறது என்று பூச்சிமருந்து தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அது சாப்பாட்டில் விஷம் வைப்பது, வேறு பேச்சுக்கு இடமில்லை. மீனைச் சுத்தமாக அலசி, மேலே மெல்லிய கொசுவலை போர்த்தினால் ஈ தானாகக் குறையும். பதம் பார்ப்பதும் எளிது: நெத்திலியை வளைத்தால் ஒடிய வேண்டும், பெரிய மீனில் கட்டைவிரலை அழுத்தினால் குழி விழக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் 25 முதல் 28 கிலோ வரும். கிலோ 60 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்தால், ஒரு கிலோ கருவாட்டில் மீன் காசு மட்டுமே 215 முதல் 240 ரூபாய். உப்பு, ஐஸ், வண்டி, கூலி அதற்கு மேல். இந்தக் கணக்கைப் போடாமல், 60-க்கு வாங்கியதை 230-க்கு விற்றேன் என்று லாபமாக நினைப்பவர்கள் நிறைய. மார்ச்சில் நன்றாகக் காயவைத்து, உள்ளே பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினால் மே மாதம்வரை நிற்கும். பச்சை மீன் வரத்து குறைந்து கருவாட்டைத் தேடி வரும் நேரமும் அதுதான்.

காத்திருக்க விடாமல் தடுப்பது முன்பணம். வியாபாரியிடம் 20,000 ரூபாய் வாங்கியவர் சரக்கை அவருக்கே போட வேண்டும், கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து. நாளுக்கு 20 கிலோ, மாதம் 20 நாள் என்றால் இழப்பு 2,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி, அதுவும் அசல் குறையாமல். வட்டியே இல்லாத கடன் என்று சொல்லித்தான் இது தரப்படுகிறது. மீன்பிடிக்கும் கால்நடைக்கும் கிசான் கடன் அட்டை இப்போது உண்டு. மகளிர் குழு மூலம் வங்கிக் கடனும் கிடைக்கும். அங்கே இவ்வளவு பெரிய பிடித்தம் இருக்காது. முன்பணத்தை ஒரேயடியாக விட முடியாதவர்கள், முதலில் அன்றைய ஏல விலையையும் தமக்குக் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.

கருவாட்டுக் களத்தில் மிஞ்சும் தலையும் பொடியும் கோழிக்குப் போகிறது. நல்ல புரதம்தான், ஆனால் உப்பில்லாமல் வேகவைத்துக் காயவைத்ததாக இருக்க வேண்டும். பத்து கிலோ தீவனத்தில் அரை கிலோ போதும். உப்புக் கருவாட்டுத் தூளைப் போட்டால் குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தண்ணீராகக் கழியும், தள்ளாடி விழும். நம் ஊர் கிணற்றுத் தண்ணீரே கரிப்பு என்பதால் கேடு இரட்டிப்பாகும். விற்கும் கோழிக்கு இரண்டு வாரம் முன்பே மீன்தூளை நிறுத்தினால் கறியில் கவுச்சி இருக்காது.

இனி ஆடு. சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து உருப்படிக்கு விலை பேசும்போது, வாங்குபவருக்குக் கறி எத்தனை கிலோ தேறும் என்று தெரியும். விற்கும் பெண்ணுக்குத் தெரியாது. தொங்கு தராசு இல்லாவிட்டாலும் தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள்பட்டை முனையில் இருந்து பின்புற எலும்பு முனைவரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் வரும். நெஞ்சு 26, நீளம் 24 என்றால் ஏறக்குறைய 24 கிலோ 600 கிராம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 11 கிலோ அளவுக்குக் கறி தேறும். காலையில் தீனிக்கு முன்பே அளக்க வேண்டும், ஆடு நேராக நிற்க வேண்டும். இரண்டு கிலோ முன்பின் வரலாம். குத்துமதிப்பில் போகும் நாலைந்து கிலோவை விட அது மேல்.

பக்ரீத் 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. ஆண்டுக்குப் பத்து பதினொரு நாள் முன்னால் நகர்வதால், 2025 முதல் 2029 வரை அது தடைக்காலத்துக்குள்ளேயே விழும். கடலில் வருமானம் நிற்கும் அதே நாள்களில் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினத்தில் கிடாய்க்கு நல்ல விலை உண்டு. பிப்ரவரியில் பாதி வளர்ந்த கிடாயைத் தள்ளிவிடுவது இந்தச் சில ஆண்டுகளில் செய்யவே கூடாத காரியம்.

குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், வாங்க வருபவர் வாயைத் திறந்து இரண்டு பல் விழுந்து முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சினைக்காலம் ஐந்து மாதம். மே மாதப் பக்ரீத்துக்குக் கிடாய் வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் குட்டி பிறந்திருக்க வேண்டும், அதற்கும் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் பெட்டை கிடாயோடு சேர வேண்டும். நொண்டி, ஒற்றைக்கண், அடியோடு முறிந்த கொம்பு, பெரும்பகுதி வெட்டுப்பட்ட காது இருந்தால் வேண்டாம் என்று போய்விடுவார்கள். அடையாளத்துக்காகக் குட்டியின் காதை அறுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கிடாய்க்குட்டியில் அதை விட்டுவிட்டுக் கழுத்தில் கயிறோ சாயமோ போடலாம்.

சீமைக்கருவேல நெற்றை வெயில் காலத்தில் காசில்லாமல் பொறுக்கலாம். காயவைத்து இடித்து, அடர்தீவனத்தில் கால் பங்குக்கு மிகாமல் தவிட்டோடு கலந்து தர வேண்டும். நெற்று மட்டுமே தின்று வளரும் ஆட்டுக்குத் தாடை மரத்து, மெல்ல முடியாமல் எச்சில் வழியும். முழு நெற்றாகப் போட்டால் விதை புழுக்கையோடு வந்து கொல்லையெல்லாம் முளைக்கும். ஆட்டுக்கொல்லி (பிபிஆர்) நோய்க்கு மூன்று மாதம் கடந்த குட்டிக்கு ஒரு ஊசி, மூன்று ஆண்டு தாங்கும். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்பு ஊசி. சந்தையில் வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிய பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.